பள்ளிக்கூடத்துக்குத்தான் லீவு... படிப்புக்கு இல்லை!



மழை கொட்டும்போது, 'கலெக்டர் லீவு விட்டுட்டாரு' என்று யாராவது சொன்னால், துள்ளிக் குதிப்பீர்கள்தானே? ஒருநாள், இரண்டு நாள் லீவு என்றால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால், மாதக்கணக்கில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தால்...?

2020 மார்ச்சில் அப்படித்தான் நடந்தது. கொரோனா பரவியதால், தமிழகம் முழுவதும் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு, 2021 நவம்பர் 1ல்தான் மறுபடியும் வகுப்பறை திறந்தது. ஏறத்தாழ 19 மாதங்கள்! நடுவில், 2020 ஜூன் 9ல் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தானது. 9 லட்சம் பேருக்கு மேல், 'ஆல் பாஸ்!' அடுத்த ஆண்டு, பிளஸ் 2 தேர்வும் ரத்து.

உயிரைக் காப்பாற்ற எடுத்த முடிவு அது; தப்பே இல்லை. ஆனால், ரத்தானது தேர்வு மட்டும்தான், பாடம் ரத்தாகவில்லை. மூன்றாம் வகுப்பில் வகுத்தலைப் படிக்காமல் விட்டவர், ஆறாம் வகுப்பில் பின்னக் கணக்கு வரும்போது திணறுவார். 'ஆல் பாஸ்' என்ற இரண்டு வார்த்தை, அவருக்கு வகுத்தலைச் சொல்லித் தருமா?

எல்லாருக்கும் இழப்பு ஒரே மாதிரியும் இல்லை. தனி போன் வைத்திருந்த பிள்ளைகள், ஆன்லைன் வகுப்பில் படித்தனர். சோமனூர் பக்கம் தறி ஓட்டுவோர், திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போவோர் வீடுகளில் ஒரே ஒரு போன் இருந்தால், அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்தியது. ஆனால், டிவியிடம் கைதூக்கிச் சந்தேகம் கேட்க முடியுமா?

ஒன்றை நன்றாக நினைவில் வையுங்கள். படிப்பு, யாரோ உங்களுக்குத் தரும் இனாம் அல்ல, உங்கள் உரிமை. 6 முதல் 14 வயது வரை உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும், 2009ல் இயற்றிய கல்வி உரிமைச் சட்டம் அதைத் தந்திருக்கிறது. 2010 ஏப்ரல் 1ல் அது நடைமுறைக்கு வந்தது. அந்த உரிமை, மார்க் ஷீட் வாங்குவதற்கு மட்டுமல்ல, கற்றுக்கொள்வதற்கு! பள்ளிக் கதவைப் பூட்டலாம். உரிமைக்குப் பூட்டு கிடையாது.

விட்டுப்போனதைச் சொல்லித் தருவது, பெரியவர்களான எங்கள் கடமை. அதற்காகத்தான், 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' துவங்கியது. தன்னார்வலர்கள், மாலை நேரத்தில் பிள்ளைகளின் வீட்டருகிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தனர்.

சரி, உங்கள் பங்கு என்ன?

'இது எனக்குத் தெரியலைங்க டீச்சர்' என்று தைரியமாகச் சொல்லுங்கள். நான் வகுப்பெடுத்த காலத்தில், தெரியாது என்று கேட்ட பிள்ளையால் எனக்குக் கவலை வந்ததே இல்லை. தெரிந்த மாதிரி தலையாட்டிய பிள்ளையை நினைத்துத்தான் கவலைப்படுவேன்.

உங்களோடு படித்த யாராவது, பள்ளியை விட்டு வேலைக்குப் போகிறார்களா? ஆசிரியரிடம் சொல்லுங்கள், அல்லது 1098க்கு போன் செய்யுங்கள், கட்டணம் இல்லை. வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்து, சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும் என்கிறது அதே சட்டம்.

அடுத்த முறை லீவு விட்டால், ஆசை தீர விளையாடுங்கள். பள்ளி திறந்ததும், 'விட்டுப்போன பாடத்தை எப்போ நடத்துவீங்க டீச்சர்?' என்று கேளுங்கள். அது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை, கண்ணுகளா... உங்கள் உரிமை!