ஐந்து வயதுக்குக் கீபோர்டு எதற்கு?

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்ற பழமொழிக்கு நம் ஊரில் ஓய்வே கிடையாது. அபாகஸ், கராத்தே, ஃபோனிக்ஸ் என்று எதை விற்க வருகிறவர்களும் முதலில் அதைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். 2020 ஊரடங்கின்போது ஆறு வயதுப் பிள்ளைக்குக் கோடிங் சொல்லித்தராத பெற்றோர் ஏதோ குற்றம் செய்தவர்கள் என்பதுபோல விளம்பரங்கள் வந்தன. அந்த வரிசையில் டைப்பிங்கும் சேர்ந்துவிட்டது. ‘அ’னா இன்னும் கூடிவராத யு.கே.ஜி. குழந்தை மடிக்கணினி முன் உட்கார்ந்து தன் பெயரை ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்துகிறது. அதை வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்புகிறார்கள்.

எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது என்ற இந்த நம்பிக்கைக்கு, டைப்பிங் விஷயத்தில், ஆதாரம் எதுவும் இல்லை. அதற்கு எதிரான ஆதாரமோ நம் தெருமுனையிலேயே இருக்கிறது.

தமிழ்நாட்டில் ஓரளவு பெரிய எந்த ஊருக்குப் போனாலும் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், மாடிப்படி ஏறிப்போகும் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்தது. பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. அங்கே சேர்ந்தவர்கள் யார்? பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தவர்கள், பிளஸ் டூ முடித்தவர்கள், கல்லூரி போக வழியில்லாதவர்கள். பதினாறு, பதினெட்டு, இருபது வயது. அதற்கு முன் அவர்களில் பெரும்பாலோர் ஒரு டைப்ரைட்டரைத் தொட்டதுகூட இல்லை. முதல் நாள் ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்’ என்று இடது கைக்கும், அதற்கு எதிர்ப்பக்கம் வலது கைக்கும் ஒரே பாடம். சுண்டுவிரல் வலிக்கும். தினமும் ஒரு மணி நேரம் என்று சில மாதங்கள் போனதும் லோயர் தேர்வு. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அந்தத் தேர்வில் ஆங்கிலத்துக்குப் பத்து நிமிடத்தில் 1,500 தட்டுகள், அதாவது நிமிடத்துக்கு 30 சொற்கள். ஹையருக்கு 45. கண் தாளில் இருக்க வேண்டும், கை விசையில் இருக்க வேண்டும், பிழை விழக்கூடாது. இப்படித் தேறி வந்தவர்கள்தான் தலைமுறை தலைமுறையாகத் தலைமைச் செயலகம் முதல் தாலுகா ஆபீஸ் வரை நிரப்பினார்கள். ஐந்து வயதில் தொடங்காததால் இவர்களில் யாருடைய விரல் வளையாமல் போயிற்று?

உலக அளவில் பார்த்தாலும் கதை இதேதான். விசைகளைப் பார்க்காமல் எல்லா விரல்களாலும் அடிக்கும் முறைக்குப் புகழ் தேடித் தந்தவர் ஃபிராங்க் மெக்கரின். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர். 1888 ஜூலையில் சின்சினாட்டியில் நடந்த போட்டியில், விசைகளைப் பார்த்தே அடித்துப் பழகிய லூயிஸ் டிராபை அவர் தோற்கடித்தார். வணிக ரீதியில் வெற்றிபெற்ற முதல் டைப்ரைட்டர் கடைக்கு வந்ததே 1874இல்தான். ஆகவே போட்டியில் இறங்கிய இரண்டு பேருமே விவரம் தெரிந்த வயதுக்குப் பிறகு அந்த வித்தையைக் கற்றவர்கள்.

தாய்மொழியின் ஒலி, வயலினில் சுருதி சேர்வது போன்றவற்றுக்குச் சின்ன வயது உதவும் என்பதில் சண்டையில்லை. டைப்பிங் அந்தச் சாதி அல்ல. அது சைக்கிள் ஓட்டுவதைப் போன்ற ஒரு பழக்கம். கால் எட்டாத வயதில் ஏற்றிவிட்டால் குரங்குப் பெடல்தான் போட முடியும். சாதாரண கீபோர்டில் ஒரு விசைக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய 19 மில்லிமீட்டர். அது பெரியவர் கைக்கு எடுத்த அளவு. ஐந்து வயதுக் கை அதில் ‘ஏ எஸ் டி எஃப்’ வரிசையில் நின்றுகொண்டு மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் போய்வர முடியாது. அதனால் குழந்தை ஆட்காட்டி விரலால் குத்துகிறது. பிற்காலத்தில் கஷ்டப்பட்டு மறக்கவேண்டிய பழக்கத்தைத்தான் பணம் கட்டி இப்போது கற்றுக்கொள்கிறது.

இதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. ஐந்து வயதில் விரல் வளையத்தான் வேண்டும், ஆனால் எழுத்துக்காக. மூன்று சுழி ‘ண’வுக்கும் இரண்டு சுழி ‘ன’வுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு தமிழ்க் குழந்தை எப்படித் தெரிந்துகொள்கிறது? சுழித்துச் சுழித்துத்தான். கை ஒருமுறை கூடுதலாகச் சுற்றுகிறது. அந்தச் சுற்று நினைவில் நிற்கிறது. கீபோர்டில் ‘ண’வும் ஒரு தட்டு, ‘ன’வும் ஒரு தட்டு. கைக்கு இரண்டும் ஒன்றே.

2005இல் வெளிவந்த ஒரு பிரெஞ்சு ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. மேரியக் லோங்காம்ப் குழுவினர் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கையால் எழுதியும் இன்னொரு பிரிவுக்கு விசை தட்டியும் எழுத்துகளைக் கற்பித்தார்கள். மூன்று வாரப் பயிற்சிக்குப் பின் பார்த்தால், மூத்த பிள்ளைகளில் கையால் எழுதியவர்களே எழுத்துகளை நன்றாக அடையாளம் கண்டார்கள். 2012இல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் கரின் ஜேம்ஸ், இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார். தாங்களே எழுதிப் பழகிய எழுத்தைப் பார்த்தபோது, பெரியவர்கள் படிக்கும்போது இயங்கும் பகுதிகள் அந்தக் குழந்தைகளிடமும் இயங்கின. தட்டிப் பழகிய எழுத்துக்கு அப்படி நடக்கவில்லை. இது சின்ன ஆய்வுதான், ஆனால் இரண்டு ஆய்வுகளும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன.

மூளை ஸ்கேன் வருவதற்கு முன்பே திண்ணைப் பள்ளி வாத்தியாருக்கு இது தெரிந்திருந்தது. மணலைப் பரப்பி விரலால் எழுதவைத்தார். இன்றும் விஜயதசமியன்று குழந்தையின் விரலைப் பிடித்து நெல்லிலோ அரிசியிலோ எழுதவைக்கிறோம். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரியின் முறையிலும் உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தைக் குழந்தை விரலால் தடவித்தான் கற்கும். தொட்டு, வளைந்து, சுழித்துக் கற்க வேண்டிய அந்த மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் கீபோர்டைக் கொண்டுவந்து நுழைப்பது, பால் பல் விழுவதற்குள் பல் செட் கட்டுவதைப் போன்றது.

பின்லாந்தைக் காட்டிப் பேசுகிறவர்கள் உண்டு. கல்வியில் உலகுக்கே வழிகாட்டும் நாடு கையெழுத்தையே கைவிட்டு டைப்பிங்குக்கு மாறிவிட்டதாம். 2014 இறுதியில் உலகப் பத்திரிகைகள் இப்படித்தான் தலைப்புப் போட்டன. நடந்தது வேறு. 2016இல் அமலுக்கு வந்த புதிய பாடத்திட்டத்தில் சேர்த்தெழுதும் முறைதான் கட்டாயம் இல்லை என்று ஆனது. தனித்தனி எழுத்தாகக் கையால் எழுதுவது அப்படியே தொடர்ந்தது. கூடவே தட்டச்சும் வந்தது. தலைப்பை மட்டும் படித்தவர்கள் பத்தாண்டுகளாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இதற்கிடையே சிலிக்கான் பள்ளத்தாக்கு இருக்கும் கலிபோர்னியா மாநிலமே, ஒன்று முதல் ஆறாம் வகுப்பு வரை சேர்த்தெழுத்தைக் கற்பிக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் சட்டம் போட்டது. இந்தச் செய்தி மட்டும் யார் காதிலும் விழவில்லை போலும்.

சின்னப் பிள்ளைகளிடம் இயந்திரத்தைக் கொண்டுபோகும் ஆசையும் இன்று முளைத்ததல்ல. 1932இல் பென் வுட், ஃபிராங்க் ஃப்ரீமன் என்ற இரு அமெரிக்கக் கல்வியாளர்கள், தொடக்கப்பள்ளி வகுப்பறைகளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளிடம் டைப்ரைட்டரைக் கொடுத்துப் பார்த்த ஆய்வை வெளியிட்டார்கள். பிள்ளைகள் ஆசையாக அடித்தார்கள், நிறைய எழுதினார்கள், ஆசிரியர்களுக்கும் பிடித்திருந்தது. ஆய்வுக்கு ஆதரவு தந்தவர்கள் டைப்ரைட்டர் கம்பெனிக்காரர்கள். இன்று யாராவது விளம்பரத்தில் ‘ஆய்வு சொல்கிறது’ என்று போட்டால், அந்த ஆய்வுக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று ஒரு கேள்வி கேட்டுவிடுவது நல்லது.

அப்படியென்றால் எப்போது? ஒன்பது, பத்து வயது. அதாவது நான்காம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு. அப்போது கை ஓரளவு நீண்டிருக்கும். எழுத்துகள் யோசிக்காமல் வரும், வாக்கியம் என்றால் என்ன என்று தெரிந்திருக்கும். அமெரிக்க மாநிலங்கள் பலவும் ஏற்ற 2010ஆம் ஆண்டின் பொதுப் பாடத்தரம், நான்காம் வகுப்புப் பிள்ளை ஒரே அமர்வில் ஒரு பக்கம் தட்டச்சு செய்ய வேண்டும் என்கிறது. ஐந்தாம் வகுப்பில் இரண்டு பக்கம், ஆறில் மூன்று. ஆஸ்திரேலியாவின் தேசியத் தேர்வான நாப்லானில் எல்லாம் கணினிக்கு மாறிய பிறகும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுத்துத் தேர்வைத் தாளில்தான் எழுதுகிறார்கள். ஐந்தாம் வகுப்பில்தான் அவர்களுக்குக் கீபோர்டு.

இங்கேதான் நம் வீடுகளின் விசித்திரம் தெரிகிறது. ஐந்தில் அவ்வளவு அவசரப்பட்டவர்கள் பத்தில் மறந்தே போகிறார்கள். “அவன்தான் போனில் என்னவெல்லாம் பண்றானே, அவனுக்கு எதுக்கு டைப்பிங்?” பிள்ளைகள் போனில் வேகம்தான், மறுப்பதற்கில்லை. 37,000 பேரிடம் 2019இல் எடுத்த ஓர் ஆய்வில் கைப்பேசியின் சராசரி வேகம் நிமிடத்துக்கு 36 சொற்கள். பத்து முதல் பத்தொன்பது வயதுக்காரர்கள் தங்கள் பெற்றோர் தலைமுறையை ஏறக்குறைய பத்துச் சொற்கள் முந்தினார்கள். ஆனால் அது இரண்டு கட்டைவிரலின் வேகம். எழுத்தைத் திருத்திக் கொடுப்பதும் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பதும் போன். அதே பிள்ளையைக் கல்லூரியில் பத்துப் பக்க அறிக்கை அடிக்கச் சொன்னால் இரண்டு விரலால் கோழி தீனி பொறுக்குவதுபோல் பொறுக்கும்.

தாமாகப் பழகியவர்களும் முறையாகப் பயின்றவர்கள் அளவுக்கு வேகம் காட்டினார்கள் என்று பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகம் 2016இல் கண்டது உண்மைதான். அதே ஆய்வு இன்னொன்றையும் கண்டது: தாமாகப் பழகியவர்களின் கண் திரையைவிட்டு விரல் பக்கம் அதிகம் போனது. அந்தப் பெரியவர்களுக்கு அது பெரிய தொல்லை இல்லாமல் இருக்கலாம். வாக்கியம் அமைக்கவே இப்போதுதான் கற்கும் பத்து வயதுப் பிள்ளைக்குக் கண் விசையில் மாட்டிக்கொண்டால், எழுதிய வரியைத் திரும்பிப் பார்க்க எது மிச்சம்?

அரசும் இதில் பெற்றோருக்குச் சளைத்ததல்ல. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் லட்சக்கணக்கான பிளஸ் 1, பிளஸ் 2 மாணவர்கள் கையில் கணினி வந்தது. பத்து விரலை அதில் எங்கே வைப்பது என்று பள்ளியில் யாரும் சொல்லித்தரவில்லை. பெட்டியைக் கொடுப்பது செலவு, பாடம் கொடுப்பதுதான் கல்வி என்ற கணக்கு இன்னும் புரிபடவில்லை.

தமிழ் டைப்பிங் கதை இன்னும் மோசம். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்இணைய மாநாட்டில் உருவாகி, அதே ஆண்டு தமிழக அரசு தரமாக அறிவித்த தமிழ்99 விசைப்பலகை, பத்து வயதுப் பிள்ளைக்கென்றே செய்தது போன்றது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. ‘க’வையும் ‘இ’யையும் அடித்தால் ‘கி’. ‘க’வை இரண்டு முறை அடித்தால் முதல் ‘க’வுக்குப் புள்ளி தானாக விழுந்து ‘க்க’ ஆகும். ‘ந’வுக்குப் பின் ‘த’ அடித்தால் ‘ந்த’. மூன்றாம் வகுப்பில் படித்த உயிர்மெய்ப் பாடமும் இன எழுத்துப் பாடமும் அப்படியே விசைக்கு வந்திருக்கின்றன. பழைய தமிழ் டைப்ரைட்டரில் ‘கொ’ அடிக்க முதலில் கொம்பு, பிறகு ‘க’, அப்புறம் கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் போக வேண்டும். தமிழ்99இல் சொல்லுகிற வரிசையில் போனால் போதும். ஐந்து வயதுக் குழந்தைக்கு இந்தத் தர்க்கம் பிடிபடாது, ஏனென்றால் அதற்கு உயிர்மெய்யே இன்னும் வரவில்லை. பத்தில் ஒரு வாரம் போதும். அந்த ஒரு வாரத்தை யாரும் கொடுக்காததால்தான் தமிழ் வழியில் படித்த பிள்ளைகூட ‘அம்மா’ என்று எழுத ஆங்கிலத்தில் ஏ, எம், எம், ஏ என்று தேடுகிறது.

விதிவிலக்கு உண்டு, அதை விதியாக்கக் கூடாது. எழுத்துக் குறைபாட்டால் பென்சில் பிடித்து ஒரு வரி எழுதுவதற்குள் களைத்துப்போகும் பிள்ளைக்கு, பார்வை இல்லாத பிள்ளைக்குக் கீபோர்டை முன்னதாகவே கொடுக்க வேண்டும், சிறப்பு ஆசிரியரைக் கேட்டுக்கொண்டு. தட்டச்சுப் பொறியின் முன்னோடிகளில் ஒன்றே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியில் பார்வையிழந்த ஒரு பெண் கடிதம் எழுதுவதற்காக உருவானதுதான்.

மற்ற பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். யு.கே.ஜி. பிள்ளை இருக்கும் வீடு என்றால் ஒரு சிலேட்டும் பலப்பமும் வாங்கிக் கொடுங்கள். டைப்பிங் வகுப்புக்குக் கட்ட வைத்திருக்கும் பணம் மிச்சம். நான்காம் வகுப்பு முடித்த பிள்ளை இருந்தால் இந்த மே மாதம் போனை வாங்கி வைத்துவிட்டு, வீட்டுக் கணினியில் தினம் இருபது நிமிடம் உட்காரவையுங்கள். விசைப்பலகைமேல் ஒரு கைத்துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் கையை விட்டு அடிக்கச் சொல்லுங்கள். பதினைந்து நாள் ஆங்கிலம், அடுத்த பதினைந்து நாள் தமிழ். விண்டோஸிலும் ஆப்பிள் கணினியிலும் தமிழ்99 உள்ளேயே இருக்கிறது. தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.