பாறை ஏற வருகிறார்கள்! புல்லுக்கு யார் பொறுப்பு?

இரண்டு ஆள் உயரமுள்ள ஒரு பாறை. அதன் அடியில் ஓர் இளம்பெண் நிற்கிறாள்.

கயிறு இல்லை. ஏணி இல்லை. விரல் நுனியால் பாறையின் விளிம்பைப் பிடிக்கிறாள். காலைத் தூக்கி ஒரு சிறு மேட்டில் வைக்கிறாள். ஏறுகிறாள். பாதியில் கை வழுக்குகிறது. 'தொப்' என்று கீழே விழுகிறாள்!

கீழே தடித்த மெத்தை விரித்திருக்கிறார்கள். சுற்றி நிற்பவர்கள் அவளைத் தாங்கிக் கொள்கிறார்கள். அவள் சிரித்துக்கொண்டே எழுகிறாள். கையில் வெள்ளைப் பொடியைத் தடவிக் கொள்கிறாள். மறுபடியும் பாறையை அண்ணாந்து பார்க்கிறாள்.

சர்க்கஸ் கூடாரத்தில் நடக்கும் வித்தையா இது? இல்லை. ஒரு மலைக் கிராமத்துத் திருவிழா!

இத்தாலி நாட்டின் வடக்கு ஓரத்தில், ஆல்ப்ஸ் மலையில், வால் மசினோ என்று ஓர் இடம் இருக்கிறது. ('வால்' என்றால் அந்த ஊர் பாஷையில் பள்ளத்தாக்கு. நம்முடைய வால் அல்ல.) அங்குள்ள கிராமம் சான் மார்ட்டினோ. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரம். அதற்கு அடுத்தாற்போல் மெல்லோ என்ற பள்ளத்தாக்கு. சுற்று வட்டார ஊர்களை எல்லாம் சேர்த்தாலும் மக்கள்தொகை ஆயிரத்தை எட்டாது.

இந்தச் சின்ன ஊரில் 2004-ம் ஆண்டு ஒரு விழா தொடங்கினார்கள். 'மெல்லோபிளாக்கோ' என்று பெயர். 'பிளாக்கோ' என்றால் பெரிய கல். மே மாதத்தில் மூன்று, நான்கு நாட்கள் நடக்கும். பல நாடுகளில் இருந்து ஆயிரக்கணக்கான வாலிபர்களும் பெண்களும் வந்து குவிந்தார்கள். முதுகில் மெத்தையைச் சுமந்துகொண்டு வந்தார்கள்!

அப்படி என்ன இருக்கிறது அங்கே? கல்தான் இருக்கிறது.

கல் வந்த கதை

அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் கருங்கல் பாறைகள். மாடு அளவில் ஒன்று, வீடு அளவில் ஒன்று. 'சாஸ்ஸோ ரெமென்னோ' என்று ஒரு கல் இருக்கிறது. அதன் உயரம் ஏறக்குறைய 50 மீட்டர். ஒற்றைக் கல்!

மேலே உள்ள மலைகள் உடைந்து விழுந்ததால் வந்த கற்கள் இவை. பனியாறு உருட்டி வந்தவையும் உண்டு. பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2017-ம் ஆண்டு ஆகஸ்டு 23-ந் தேதி, இதே மலைத்தொடரில் உள்ள செங்காலோ என்ற சிகரத்தின் ஒரு பக்கம் இடிந்து விழுந்தது. முப்பது லட்சம் கன மீட்டருக்கு மேல் பாறை! மலைக்கு மறுபக்கம், சுவிட்சர்லாந்தில் விழுந்தது. மலையில் நடந்து சென்ற 8 பேர் மாண்டார்கள். போண்டோ என்ற கிராமத்துக்குள் சேறும் கல்லும் புகுந்தன.

ஆகவே மலைக் குடியானவனுக்குக் கல் என்றால் பயம். வயலில் கிடந்தால் தொல்லை. பெரிய பாறையாக இருந்தால் அதையே ஒரு சுவராக வைத்துத் தொழுவம் கட்டிக் கொள்வான். அவ்வளவுதான் அதனால் கிடைத்த லாபம்.

வெளியூர்க்காரர்கள் அந்தக் காலத்தில் கல்லைத் தேடி வரவில்லை. சிகரத்தைத் தேடி வந்தார்கள். பாடிலே என்ற சிகரம் 3,300 மீட்டருக்கு மேல் உயரம். 1937-ம் ஆண்டு ஜூலையில் ரிக்கார்டோ காசின் என்ற வீரரும் அவருடைய தோழர்களும் அதன் வடகிழக்குச் சுவரில் முதன்முதலாக ஏறினார்கள். புயலில் அகப்பட்டுக் கொண்டார்கள். ஐந்து பேர் ஏறினார்கள். சிகரத்தையும் தொட்டார்கள். ஆனால் இறங்கும்போது இரண்டு பேர் களைத்து விழுந்து இறந்துபோனார்கள்.

1970-களில் வந்த வாலிபர்களின் மனம் வேறு மாதிரி. பக்கத்து நகரமான சோன்ட்ரியோவில் இருந்து ஒரு கூட்டம் வந்தது. 'எங்களுக்குச் சிகரம் வேண்டாம், வழியில் கிடக்கும் கல்லே போதும்' என்று விளையாடத் தொடங்கினார்கள். அவர்களுக்குக் 'கல்லுக்காரர்கள்' என்றே பெயர் வந்துவிட்டது. இவான் குவெரினி என்பவர் 1979-ல் இந்தப் பள்ளத்தாக்கின் 'ஏறும் விளையாட்டை'ப் பற்றி ஒரு நூலே எழுதினார்.

உயிரைப் பணயம் வைத்த இடத்தில் விளையாட்டு வந்தது. இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கால் சுளுக்கும், மணிக்கட்டு முறியும். வீட்டில் தாய் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம்.

பரிசில் ஒரு புதுமை

இந்த விழாவில் என் மனத்தைக் கவர்ந்தது பரிசு கொடுத்த முறை.

குறிப்பிட்ட சில கடினமான பாறைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. ஒவ்வொரு பாறைக்கும் ஒரு தொகை வைத்தார்கள். யார் யார் அதில் ஏறி முடிக்கிறார்களோ, அவர்கள் எல்லாரும் அந்தத் தொகையைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்!

ஒரு பாறைக்கு ஆயிரம் என்று வைத்துக் கொள்வோம். ஒருவர் மட்டும் ஏறினால் ஆயிரமும் அவருக்கு. பத்துப் பேர் ஏறினால் ஆளுக்கு நூறு.

அப்படியானால் என்ன நடக்க வேண்டும்? முதலில் ஏறியவன் அடுத்தவன் ஏறக்கூடாது என்று வேண்டிக்கொள்ள வேண்டும். 'எங்கே கை வைத்தாய்?' என்று கேட்டால், வாயை மூடிக்கொள்ள வேண்டும். மனித சுபாவம் அதுதானே!

ஆனால் பாறை ஏறுகிறவர்களின் பழக்கம் நேர்மாறானது. ஒவ்வொரு பாறையையும் அவர்கள் ஒரு 'கணக்கு' என்றுதான் சொல்லுவார்கள். ஒருவர் ஏறும்போது மற்றவர்கள் கீழே நின்று மெத்தையை நகர்த்துகிறார்கள். 'இடது காலை இன்னும் மேலே வை' என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். விழுந்தால் பிடிக்கிறார்கள். தங்கள் பங்கு குறைந்தால் குறையட்டும் என்று இருக்கிறார்கள்.

நம் கிராமங்களில் இளவட்டக்கல் தூக்குவார்கள். தூக்கியவனுக்குப் பெருமை. தூக்க முடியாதவனைப் பார்த்து ஊரே சிரிக்கும். இங்கே விழுந்தவளைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. ஏன்? சற்று முன்பு அவர்களும் அதே இடத்தில் விழுந்தவர்கள்.

மாட்டுக்கு எது தீனி?

இனி, அந்த ஊர்க்காரனின் பக்கம் நின்று பார்ப்போம்.

அங்கே மே மாதம் கோடை அல்ல, வசந்தம். உச்சியில் பனி மிச்சம் இருக்கும். அடிக்கடி மழையும் வரும். பனிக்கால விருந்தாளிகள் போய்விட்டார்கள். ஆகஸ்டு விடுமுறைக் கூட்டம் இன்னும் வரவில்லை. விடுதியில் அறைகள் காலி. ரொட்டிக் கடையில் வியாபாரம் மந்தம். அந்த நேரத்தில் ஆயிரக்கணக்கான பேர் பசியோடு வந்தால் கசக்குமா?

ஆனால் அதே மே மாதத்தில்தான் புல்லும் வளருகிறது.

புல் என்றால் அலட்சியமாக எண்ண வேண்டாம். ஆல்ப்ஸ் மலையில் மாதக்கணக்கில் பனி மூடிக் கிடக்கும். அப்போது மாட்டுக்குப் பச்சைப் புல் கிடைக்காது. கோடையில் அறுத்துக் காயவைத்த புல்தான் தீனி. முதல் அறுப்புக்கு முன்பு புல்வெளியை மிதித்தால், புல் படுத்துவிடும். படுத்த புல்லை அறுக்க முடியாது. அந்த மாகாணத்தில் 'பிட்டோ' என்ற பாலாடைக்கட்டி பிரசித்தம். மாடு இல்லாவிட்டால் பிட்டோ ஏது?

பாறைகள் பலவும் புல்வெளியின் நடுவில் கிடக்கின்றன. பாறைக்குப் போக வேண்டுமானால் புல்லை மிதிக்கத்தான் வேண்டும். மெத்தையை விரிப்பதும் புல்லின் மேல்தான்.

பாறைக்கும் சேதம் உண்டு. பிடி நன்றாக இருக்க வேண்டும் என்று பாசியைத் தேய்த்து எடுக்கிறார்கள். பாறையில் ஒட்டி வளரும் சிலவகைப் பாசிகள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளருவதில்லை. தாத்தா காலத்துப் பாசி, பேரனின் தூரிகைக்கு ஐந்து நிமிடம் தாங்காது! வெள்ளைப் பொடியோ, மழை படாத இடங்களில் திட்டுத் திட்டாக நிற்கிறது. எழுந்து போகும்போது அதைத் துடைத்துவிட்டுப் போவது நல்ல ஏறுகாரர்களின் வழக்கம். எல்லாரும் நல்லவர்களாக இருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

'அப்படியானால் விழாவே வேண்டாம், கதவை அடை' என்று சிலர் சொல்லக்கூடும். நான் அந்தக் கட்சி இல்லை.

மெல்லோ பள்ளத்தாக்கின் ஓடைத் தண்ணீரைத் திருப்பி மின்சாரம் எடுக்கலாம் என்று ஒரு பேச்சு எழுந்தது. அதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் இந்தக் கல்லுக்காரர்களும் இருந்தார்கள். 2009-ம் ஆண்டு மெல்லோ பள்ளத்தாக்கு இயற்கைக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. ஓர் ஊரை ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்தவன், அதற்கு ஆபத்து என்றால் ஓடி வருகிறான். படத்தில் மட்டும் பார்த்தவன் வருவானா?

ஆகவே வரட்டும். ஆனால் கணக்கோடு வரட்டும்.

எத்தனை பேர் வரலாம் என்பதை மெத்தை விற்கும் கம்பெனி முடிவு செய்யக்கூடாது. புல்லுக்குச் சொந்தக்காரர் முடிவு செய்ய வேண்டும். எந்தப் பாறைக்கு எந்த வழியாகப் போவது என்று கயிறு கட்டிவிட வேண்டும். எல்லாரும் ஒரே தடத்தில் நடந்தால் ஒரு கோடுதான் கெடும். புல் படுத்த நிலத்துக்கு ஈட்டுத்தொகை கொடுக்க வேண்டும். பாறைப் பரிசைப் பத்துப் பேர் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்றால், பாறையைச் சுற்றியுள்ள புல்லின் சொந்தக்காரர் பதினோராவது ஆளாக ஏன் இருக்கக்கூடாது?

இது நடக்காத காரியம் அல்ல. கோடை மாதங்களில் மெல்லோ பள்ளத்தாக்குக்குள் வண்டிகள் போகக் கட்டுப்பாடு இருக்கிறது. சான் மார்ட்டினோவில் காரை விட்டுவிட்டு மக்கள் நடந்து போகிறார்கள். வண்டிக்குச் செய்ததை மெத்தைக்கும் செய்யலாம்.

ஜூன் மாதம் பிறந்ததும் மாடுகள் மேல் மலைக்கு ஏறத் தொடங்கும். அப்போது கீழே, அந்தப் பாறைகளைச் சுற்றி, பனிக்காலத்துக்கான புல் முழங்கால் உயரம் நிற்க வேண்டும்.