ரூட் பாஸ்வேர்டு ஊருக்கே தெரிஞ்சா அதுக்குப் பேரு நம்பிக்கையா?

கொஞ்சம் காரமான பதிவுங்க. நீளமும் ஜாஸ்தி. லினக்ஸ்னாலே அலர்ஜி ஆகறவங்க பின்னூட்டத்துல நேரா வந்து திட்டிட்டுப் போகலாம், கோச்சுக்க மாட்டேன் :-)

விஷயம் இதுதான். சின்ன சாப்ட்வேர் கம்பெனி, பெரிய ஜவுளிக்கடை, காலேஜ் லேப் எதுவா இருந்தாலும் உள்ளே ஒரு லினக்ஸ் சர்வர் ஓடிக்கிட்டு இருக்கும். அதுக்கு ஒரே ஒரு பாஸ்வேர்டு. கடைப் பேரு, ஒரு அட், ஒண்ணு ரெண்டு மூணு. ஓனருக்குத் தெரியும், ஓனர் மச்சானுக்குத் தெரியும், பில்லிங்ல உக்காந்திருக்கிற பொண்ணுக்குத் தெரியும், போன வருஷம் சண்டை போட்டு வேலையை விட்டவருக்கும் தெரியும். மாத்துங்கன்னு சொன்னா வர்ற பதில்: "நாங்கல்லாம் ஒரு குடும்பம் மாதிரிங்க. நம்பிக்கைதான் முக்கியம்."

எந்தக் குடும்பத்துலங்க பீரோ சாவியைத் திண்ணையில வெச்சிருக்காங்க? எங்க வீட்ல அது அம்மா இடுப்புலதான் இருக்கும். அதுக்காக எங்க மேல பாசம் இல்லைன்னு அர்த்தமா?

இதை எல்லாரும் பாதுகாப்புப் பிரச்சினையா மட்டும்தான் பேசறாங்க. ஹேக்கர் வருவான், ரஷ்யாக்காரன் வருவான்னு. வரட்டும். என் கோபம் வேற. ஒரே பாஸ்வேர்டை எல்லாரும் வெச்சிருக்கிற இடத்துல ஏதாவது உடைஞ்சா, பழி யார் தலையில விழும்? இருக்கிறதுலயே சின்னவன் தலையில.

பார்த்த கதையைச் சொல்றேன். முன்னாடி வேலை பார்த்த ஒரு இடம் (பேரு வேணாம்). பதினாலு பேர், ஒரு சர்வர், ஒரு ரூட் பாஸ்வேர்டு. ஒரு சாயங்காலம் கிளையன்ட்டோட மொத்த போல்டரும் காணோம். லாக் எடுத்துப் பார்த்தா "ரூட், பாஸ்வேர்டு ஏற்கப்பட்டது"ன்னு வரிசையா இருக்கு. எல்லா வரியிலயும் ஒரே ஐபி, ஏன்னா மொத்த ஆபீசும் ஒரே ரவுட்டர் வழியா வெளிய போகுது. ஹிஸ்டரி பைல்ல அழிச்ச கட்டளை இருக்கு, அடிச்ச கை யாருதுன்னு இல்லை. யாருன்னு சொல்லவே முடியாதுன்னு மீட்டிங்ல சொன்னேன். "தெரியலைன்னா புதுசா வந்த பையனாத்தான் இருக்கும்"னு முடிவாயிடுச்சு. மூணு மாசம் முன்னாடி சேர்ந்தவன். அந்த வாரத்தோட அனுப்பிட்டாங்க. அவன் செய்யலைன்னு என்னால நிரூபிக்க முடியலை. செஞ்சான்னு அவங்களாலயும் முடியலை. ஆனா வேலை போனது அவனுக்கு மட்டும்தான்.

அந்த நம்பிக்கை இருக்கே, அது இதுதான். மேல இருக்கிறவனுக்கு நம்பிக்கை, கீழ இருக்கிறவனுக்கு சந்தேகம்.

இதே சர்வர்ல ஆளுக்கொரு எஸ்எஸ்எச் சாவி இருந்திருந்தா? சாவியோட உள்ள வந்தா, எந்தச் சாவின்னு அதோட கைரேகையை லாக்ல எழுதும். எல்லாரும் ரூட்டாவே நுழைஞ்சாக்கூட எந்த நேரத்துல யார் சாவி உள்ள வந்துச்சுன்னு தெரியும். கோடு கிட்ல இருந்திருந்தா, போல்டர் போனது பெரிய விஷயமே இல்லை. ஆளாளுக்கு லேப்டாப்ல முழு வரலாறோட ஒரு காப்பி இருக்கும், ஒரு குளோன்ல திரும்பிடும். ரெண்டும் இலவசம்.

<b>இது ஒண்ணும் புதுசு இல்லை</b>

எஸ்எஸ்எச் பொறந்ததே பாஸ்வேர்டு திருட்டாலதான். 1995ல ஹெல்சின்கி டெக்னிக்கல் யுனிவர்சிட்டி நெட்வொர்க்ல யாரோ ஒட்டுக்கேட்டு பாஸ்வேர்டுகளை அள்ளினாங்க. அப்போ டெல்நெட் காலம், பாஸ்வேர்டு கம்பியில அப்படியே அம்மணமாப் போகும். கடுப்பான டாட்டூ யூலோனன் எழுதினதுதான் எஸ்எஸ்எச். எப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23, நடுவுல சும்மா இருந்த 22ஐக் கேட்டு வாங்கினார். இன்னிக்கு நாம பயன்படுத்தற ஓபன்எஸ்எஸ்எச் 1999ல ஓபன்பிஎஸ்டி ஆளுங்க கொண்டு வந்தது.

கிட் 2005 ஏப்ரல்ல வந்தது. லினக்ஸ் கர்னலுக்குப் பயன்பட்ட பிட்கீப்பரோட இலவச உரிமம் போச்சு, லினஸ் டோர்வால்ட்ஸ் சில வாரத்துல சொந்தமா ஒண்ணு எழுதிட்டார். கிட்ஹப் 2021 ஆகஸ்ட் 13ல இருந்து கிட் வேலைகளுக்கு வெறும் பாஸ்வேர்டை ஏத்துக்கறதில்லை. இவ்ளோ நடந்த பிறகும் நம்ம ஆளுங்க வாட்ஸ்அப் குரூப்ல ரூட் பாஸ்வேர்டை போட்டு, கீழ "பின்" பண்ணி வெச்சிருக்காங்க. அவ்வ்வ்வ்.

<b>டிசைன்காரர் கதை</b>

எங்க ஊரு பெரிய காஞ்சிபுரம். பிள்ளையார்பாளையம் பக்கம் போனா, ஜக்கார்டுக்கு டிசைன் போடறவங்க இப்ப கம்ப்யூட்டர்லதான் போடறாங்க. ஒரு காலத்துல கிராப் பேப்பர்ல கட்டம் கட்டமா நிரப்பினது, இப்ப ஒவ்வொரு புள்ளியும் ஒரு இழைக்குக் கணக்கா ஒரு பிட்மேப் படம். அதைப் பார்த்துத்தான் அட்டையில ஓட்டை விழும். ஒரு புள்ளி தப்பினா பார்டர்ல அந்தத் தப்பு திரும்பத் திரும்ப வரும், புடவை முழுக்க.

தெரிஞ்ச ஒருத்தர் போல்டரைப் பார்த்தேன். "மாங்கா பார்டர் பைனல்". "மாங்கா பார்டர் பைனல் 2". "மாங்கா பார்டர் பைனல் ஒரிஜினல்". "மாங்கா பார்டர் அண்ணன் ஓகே சொன்னது". சிரிக்காதீங்க, உங்க புராஜெக்ட் போல்டரும் இதே லட்சணம்தான். இதுல எதை வெச்சு அட்டை அடிச்சாங்க? எதுல முதலாளி யானையை எடுத்துட்டு மயில் வைக்கச் சொன்னார்? அவருக்கே ஞாபகம் இல்லை. கடைக்காரர் "நான் இந்த மாதிரி கேக்கவே இல்லையே"ன்னு சொன்னா, கூலி பிடிச்சா, அவர்கிட்ட காட்ட என்ன இருக்கு?

ஒவ்வொரு மாத்தத்துக்கும் ஒரு கமிட், ஒரு வரி குறிப்பு: "கடைக்காரர் கேட்டதால் யானை போய் மயில்". அவ்ளோதான் வேணும். படக் கோப்புல எந்த வரி மாறிச்சுன்னு கிட் காட்டாது, ஒத்துக்கறேன். ஆனா எந்த நாள், எந்த வடிவம், எதுக்காகன்னு இருக்கும். பழசு எப்பக் கேட்டாலும் வரும்.

இப்பவே ஒரு அனானி கிளம்புவார்: "கமிட்ல பேரையும் தேதியையும் எப்படி வேணா போடலாமே தம்பி, இதெல்லாம் சாட்சியா?" கரெக்டுங்க. கிட்ல யார் பேரை வேணாலும் எழுதிக்கலாம். அதனாலதான் சாவியையும் கிட்டையும் ஒண்ணா வைக்கணும்ங்கறேன். 2021 நவம்பர்ல வந்த கிட் 2.34ல இருந்து, எஸ்எஸ்எச் சாவியை வெச்சே கமிட்ல கையெழுத்துப் போடலாம். ரெண்டு பேர்கிட்ட ஒரே வரலாறோட காப்பி இருந்தா, ஒருத்தர் மட்டும் பழசைத் திருத்தினா அந்த இடத்துல இருந்து எல்லா கமிட்டோட அடையாள எண்ணும் மாறும். கோர்ட்டுக்கு எவ்ளோ தாங்கும்னு வக்கீலைக் கேளுங்க. "பைனல் ஒரிஜினல்"ஐ விட நிச்சயம் தாங்கும்.

<b>1100 வருஷம் முன்னாடி செஞ்சாங்க சார்</b>

"இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம், நமக்கு ஒத்துவராது"ன்னு சொல்றவங்களுக்கு: இங்கிருந்து பஸ் பிடிச்சு உத்திரமேரூர் போங்க. முதலாம் பராந்தக சோழன் காலத்துல அந்த ஊர் சபை குடவோலைத் தேர்தலுக்கு விதி எழுதி 919ல கல்லுல வெட்டிச்சு. ரெண்டே வருஷத்துல, 921ல, திருத்தி மறுபடி வெட்டினாங்க. முதல்ல உறுப்பினர் வயசு 30க்கு மேல 60க்குள்ள. திருத்தினதுல 35க்கு மேல 70க்குள்ள. பழசை அழிச்சுட்டு அது மேலயே எழுதலை. ரெண்டும் இருக்கு. எந்த அரசன், எத்தனையாவது ஆட்சியாண்டு, சபை சொல்ல எழுதினது யார்னும் இருக்கு. இதைத்தான் நான் கமிட்ங்கறேன்.

அதுல இன்னொண்ணும் உண்டு. வாரியத்துல இருந்துட்டு கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் நெருங்கின சொந்தக்காரங்களுக்கும் மறுபடி இடமில்லை. கடைசி மூணு வருஷத்துல பதவியில இருந்தவனுக்கும் இல்லை. நல்லா கவனிங்க: சொந்தக்காரனுக்கும் இல்லை! ஓனர் மச்சானுக்கு ரூட் பாஸ்வேர்டு கொடுத்திருக்கிற அண்ணாச்சிங்க இதை ரெண்டு தடவை படிக்கவும்.

<b>செய்யற வழி (கட்டளைகளைத் தமிழ்ல எழுதறேன், டெர்மினல்ல நீங்க இங்கிலீஷ்ல அடிச்சுக்குங்க)</b>

1. உங்க லேப்டாப்ல "எஸ்எஸ்எச்-கீஜென்", வகைக்கு "இடி25519". ரெண்டு கோப்பு வரும். "பப்"னு முடியறது பூட்டு, யாருக்கு வேணா கொடுக்கலாம். இன்னொண்ணு சாவி, உங்க மெஷினை விட்டு வெளிய போகவே கூடாது. பாஸ்ப்ரேஸ் கேக்கும், சும்மா என்டர் தட்டாதீங்க. லேப்டாப் திருடு போனா அது மட்டும்தான் காப்பாத்தும்.

2. சர்வர்ல ஆளுக்கொரு யூசர். "எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி" போட்டு அவங்கவங்க பூட்டை அவங்கவங்க கணக்குல மாட்டுங்க. வேண்டியவங்களுக்கு மட்டும் சூடோ. அந்த சூடோ வேலை செய்யுதான்னு இப்பவே பாருங்க.

3. சாவியோட உள்ள போக முடியுதான்னு தனி விண்டோல பார்த்த பிறகுதான், எஸ்எஸ்எச்டி கான்பிக்ல பாஸ்வேர்டு ஆதென்டிகேஷனுக்கும் பெர்மிட் ரூட் லாகினுக்கும் "நோ" போடணும். பழைய விண்டோவை மூடாதீங்க. உபுன்டு கிளவுட் சர்வர்னா பக்கத்துல எஸ்எஸ்எச்டி-கான்பிக்-டாட்-டி போல்டரையும் திறந்து பாருங்க. அங்க ஒரு குட்டி பைல் "எஸ்"னு சொல்லிட்டு இருந்தா, அதான் முதல்ல படிக்கப்படும், நீங்க போட்ட "நோ" வீண். "எஸ்எஸ்எச்டி மைனஸ் டி" அடிச்சு எழுத்துப் பிழை இல்லைன்னு பார்த்துட்டு ரீலோட் பண்ணுங்க.

4. சர்வர்ல ஒரு போல்டர்ல "கிட் இனிட் பேர்". லேப்டாப்ல குளோன். அப்புறம் ஆட், கமிட், புஷ். முதல் மாசத்துக்கு இந்த மூணு போதும். ரீபேஸ், செர்ரி பிக் எல்லாம் யாராவது சொன்னா காதைப் பொத்திக்குங்க.

5. ஒருத்தர் வேலையை விட்டா, ஆதரைஸ்டு கீஸ் கோப்புல அவர் வரியை எடுத்துடணும். பாஸ்வேர்டை மட்டும் லாக் பண்ணிட்டு நிம்மதியாத் தூங்காதீங்க, சாவி அப்பவும் திறக்கும்.

அரை நாள் வேலை. இதுக்கு நேரமில்லைன்னா, காணாமப் போன போல்டரைத் தேட மூணு நாள் எங்கிருந்து வருது?

<b>வழக்கமான சாக்குகள்</b>

"நாங்க தினம் ஜிப் எடுத்து வைக்கிறோமே." திறந்து பார்த்திருக்கீங்களா? 2017 ஜனவரி 31ல கிட்லேப் கம்பெனியில ஒரு இன்ஜினியர், துணை சர்வர்னு நினைச்சு முதன்மை சர்வர்ல டேட்டாபேஸை அழிச்சுட்டார். வெச்சிருந்த பேக்கப் முறைகள்ல பலது வேலையே செய்யலைன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. தற்செயலா ஆறு மணி நேரம் முன்னாடி எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் காப்பாத்திச்சு. (ஆமா, கிட் டேட்டாபேஸுக்கு பேக்கப் இல்லை. ரெண்டும் தனித்தனியா வேணும்.) கவனிக்க வேண்டியது அதுக்கப்புறம் நடந்தது. மீட்பு வேலையை யூடியூப்ல நேரலையா காட்டினாங்க, எந்த நடைமுறையில எங்க ஓட்டைன்னு விலாவாரியா அறிக்கை போட்டாங்க. ஒரு ஆளைப் பிடிச்சுப் பலி கொடுத்து கேஸை மூடலை. இங்க மூணு மாசப் பையனை அனுப்பிட்டு "பிரச்சினை முடிஞ்சுது"ன்னு டீ குடிச்சாங்க.

"எஸ்எஸ்எச்ல மட்டும் ஓட்டை இல்லையா?" உண்டே. 2024 மார்ச்ல எக்ஸ்இசட் கதை தெரியும்ல? எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமாகுதுன்னு ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் நோண்டப் போய், அந்த லைப்ரரிக்குள்ள பின்கதவு இருக்கிறதைக் கண்டுபிடிச்சார். அதைக் கிளப்பிவிடற ஒரு துண்டு கிட்ல இல்லவே இல்லை, வெளியீட்டுக்காகக் கட்டின டார்பால்ல மட்டும்தான் இருந்தது. வரலாறு இல்லாத மூட்டைக்குள்ள எதை வேணா ஒளிக்கலாம்ங்கறதுக்கு இதை விட வேற உதாரணம் வேணுமா? மீதித் துண்டுகள் கிட்டுக்குள்ளயே, டெஸ்ட் கோப்புன்னு வேஷம் போட்டு உக்காந்திருந்ததும் உண்மைதான். ஆனா யார் எப்ப சேர்த்ததுன்னு பின்னாடி போய்ப் பார்க்க முடிஞ்சதே, அது கமிட் வரலாறு இருந்ததால.

"இங்கிலீஷ்ல இருக்கு, புரியலை." இந்தச் சாக்குக்கும் ஆயுசு முடிஞ்சு போச்சு. கணியம் 2012ல இருந்து தமிழ்ல எழுதறாங்க, மின்னூலே இலவசமா கொடுக்கறாங்க. நம்ம ஊர்லயே காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இருக்கு. என்ன மொக்கைக் கேள்வி கேட்டாலும் யாரும் கடிச்சுட மாட்டாங்க.

முதலாளிங்க இதைத் தானா செய்வாங்கன்னு எனக்கு நம்பிக்கை இல்லை. யார் செஞ்சதுன்னு தெரியாம இருக்கிறது அவங்களுக்கு வசதி. அதனால இது படிக்கிற உங்களுக்குத்தான், முக்கியமா புதுசா வேலைக்குச் சேர்ந்தவங்களுக்கு. முதல் நாள் யாராவது ரூட் பாஸ்வேர்டைத் துண்டுச்சீட்டுல எழுதிக் கொடுத்தா, சிரிச்சுக்கிட்டே "சார், என் பப்ளிக் கீ அனுப்பறேன், எனக்குன்னு ஒரு யூசர் போட்டுக் கொடுங்க"ன்னு மெயில்ல கேளுங்க. வாயால கேக்காதீங்க, மெயில்ல கேளுங்க. கொடுத்தா நல்லது. கொடுக்கலைன்னா, நீங்க கேட்டதுக்கு ஒரு பதிவாவது இருக்கும்.

பி.கு: "சொந்த டொமைன்ல பதிவு எழுதற நீ டெம்ப்ளேட்டை கிட்லதான் வெச்சிருக்கியா"ன்னு நாலு பேர் கேப்பீங்கன்னு தெரியும். ஆமாங்க, கிட்லதான் இருக்கு. நீங்க எங்க வெச்சிருக்கீங்க? பின்னூட்டத்துல வந்து சொல்லுங்க, கும்மியை ஆரம்பிக்கலாம் ;-)