உண்மையைச் சொல்பவருக்கா ஐந்தாண்டு?

சிகிச்சையில் நேர்ந்த கவனக்குறைவால் ஒரு நோயாளி இறந்துபோகிறார். தவறியவர் டாக்டர் என்றால் அதிகபட்சம் இரண்டாண்டு சிறை. செவிலியர் என்றால் ஐந்தாண்டு வரை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவு இப்படித்தான் சொல்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் அனைவருக்கும் உச்சவரம்பு இரண்டாண்டே. புதிய சட்டம் அதை ஐந்தாக உயர்த்திவிட்டு, பதிவு பெற்ற மருத்துவர்களுக்கு மட்டும் பழைய வரம்பை விட்டுவைத்தது. அதே கட்டிலருகே நிற்கும் செவிலியர் அந்த வரையறைக்குள் வரவில்லை. நாடாளுமன்றம் இந்தப் பாகுபாட்டை நீக்க வேண்டும்.

செவிலியரின் நலனைவிட நோயாளியின் உயிரை நினைத்தே இதைச் சொல்கிறோம். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஐந்தையும் சரிபார்த்த பிறகே ஊசி போட வேண்டும் என்பது செவிலியர் படிப்பின் பாலபாடம். அதையும் மீறித் தவறிவிட்டால், அந்த நிமிடமே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது அத்தொழிலின் அறம். மருந்து மாறியது உடனே தெரிந்தால் முறிமருந்து கொடுக்கலாம், செயற்கைச் சுவாசம் தரலாம். விடிந்த பிறகு தெரிந்து என்ன பயன்? சொல்லத் தயங்கும் சில நிமிடங்களில் ஓர் உயிர் போய்விடும்.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 2017 டிசம்பரில், ஸ்கேனுக்கு அழைத்துச் செல்லப்பட்ட 75 வயது மூதாட்டிக்குப் பதற்றம் தணிக்கும் மருந்துக்குப் பதிலாக, தசைகளை முடக்கும் வெக்குரோனியத்தைச் செலுத்திவிட்டார் செவிலியர் ரடோண்டா வாட். மூதாட்டி இறந்தார். எச்சரிக்கைகளைக் கவனிக்காமல் கடந்துபோனது கடுமையான தவறுதான். ஆனால் அவர் எதையும் மறைக்கவில்லை, தெரிந்ததும் ஒப்புக்கொண்டார். 2022இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று அறிவித்து, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது. இனி தவறு செய்தவர்கள் வாய் திறக்க அஞ்சுவார்கள் என்று அமெரிக்கச் செவிலியர் சங்கம் எச்சரித்தது. பக்கத்து மாநிலமான கென்டக்கி 2024இல் சட்டமியற்றி, மருத்துவப் பணியாளர்களின் தவறுகளைக் குற்ற வழக்கிலிருந்து விலக்கியது. பெரும் அலட்சியத்துக்கும் வேண்டுமென்றே செய்த தீங்குக்கும் அந்த விலக்கு இல்லை.

தாயைப் பறிகொடுத்த மகன், "அப்படியானால் யாருக்குமே தண்டனை இல்லையா?" என்று கேட்பான். நியாயமான கேள்வி. அவனுக்கு முழு உண்மையும் இழப்பீடும் தந்தாக வேண்டும். பெரும் அலட்சியம் தண்டிக்கப்பட வேண்டும். மறைப்பவரும் கேஸ் ஷீட்டைத் திருத்துபவரும் இன்னும் கடுமையாக. ஆனால் மறைத்தவர் தப்பிக்க, சொன்னவர் மட்டும் சிறைக்குப் போகும் ஏற்பாட்டில் அந்த மகனுக்கு உண்மை ஒருபோதும் கிடைக்காது.

தவறு ஒரு கையில் முடிந்தாலும், பல இடங்களில் தொடங்குகிறது. போதனா மருத்துவமனைகளில் மூன்று நோயாளிகளுக்கு ஒருவர், மற்றவற்றில் ஐவருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். நம் வார்டுகளில் இரவுப் பணிக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு நிலைமை தெரியும். ஒரே தோற்றத்தில் இரண்டு மருந்துக் குப்பிகளை ஒரே தட்டில் வைத்ததும், விடுப்பில் போனவரின் வேலையையும் இவர் தலையில் கட்டியதும் நிர்வாகம். கூண்டில் நிற்பதோ செவிலியர் மட்டும்.

எனவே 106ஆவது பிரிவின் வரையறையில் பதிவு பெற்ற செவிலியரையும் சேர்க்க வேண்டும். பெரும் அலட்சியம் இருந்தால் மட்டுமே குற்ற வழக்கு, அதற்கு முன் துறை சார்ந்தவரின் நடுநிலைக் கருத்து என 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறியைச் செவிலியருக்கும் ஐயத்துக்கு இடமின்றிச் சட்டத்திலேயே எழுத வேண்டும். தவறைத் தாமாக முன்வந்து சொல்பவரைப் பழிவாங்காத பதிவு முறையை ஒவ்வொரு மருத்துவமனையும் தொடங்க வேண்டும்.

நள்ளிரவில், காலிக் குப்பியின் பெயரைப் படித்துத் திடுக்கிடும் ஒரு செவிலியரின் கை அடுத்த நொடி தொலைபேசிக்குப் போக வேண்டும். குப்பையில் அந்தக் குப்பியை ஒளிக்கத் தூண்டும் சட்டம் நமக்கு வேண்டாம்.