பூட்டு யார் கையில்?



காகித நோட்டு கைக்கு வந்துவிட்டால் அது உங்களுடையது. குடவாசல் கடைத்தெருவில் விதைநெல் வாங்கினாலும், வைத்தியத்துக்குச் செலவழித்தாலும் ஏன் என்று எவரும் கேட்க முடியாது. ரிசர்வ் வங்கி 2022 டிசம்பர் முதல் மக்களிடையே சோதித்துவரும் டிஜிட்டல் ரூபாய் அப்படியல்ல. இன்ன செலவுக்கு மட்டும், இன்ன தேதிக்குள், இன்ன எல்லைக்குள் என்று பணத்துக்குள்ளேயே நிபந்தனை எழுதலாம். 2024 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கியே அறிவித்த விஷயம் இது.

ஒடிசாவிலும் ஆந்திராவிலும் குத்தகை விவசாயிகளுக்கு ஸ்டேட் வங்கி இப்படிக் கடன் கொடுத்துப் பார்த்தது. விதை, உரம் போன்ற இடுபொருளுக்கு மட்டுமே அந்தப் பணம் செல்லும். பட்டா இல்லாதவருக்கு வங்கிக் கதவு திறந்தால் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் சம்பா நடவில் உரத்துக்கு முன்னே வந்து நிற்பது கூலி! சாயங்காலம் கரையேறும் பெண்களுக்கு என்ன கொடுப்பார் அந்தக் குத்தகைதாரர்? உரக்கடையில் மட்டும் செல்லும் பணத்தையா? மறுபடியும் கந்துவட்டிக்காரன் வாசல்தானே!

டிஜிட்டல் ரூபாயை வைத்திருந்தால் வட்டி சேராது என்று நம்மில் சிலர் மகிழ்கிறார்கள். சட்டைப்பையில் இருக்கும் நோட்டுக்கும்தான் வட்டி சேராது!

சட்டம் என்ன சொல்கிறது? 2022 நிதிச் சட்டத்தோடு சேர்த்து ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தினார்கள். டிஜிட்டல் வடிவமும் நோட்டுதான் என்றார்கள். நிபந்தனை போடுபவர் யார், கணக்கைப் பார்ப்பவர் யார், முடக்கினால் எங்கே முறையிடுவது என்பதற்கு அந்தத் திருத்தத்தில் ஒரு வரி இல்லை. நோட்டைச் செல்லாததாக்கும் 26-வது பிரிவு மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்தப் பிரிவை டெல்டா மறக்குமா? 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 நோட்டுகள் செல்லாது என்றார்கள். 14-ஆம் தேதி, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டை வாங்கவே கூடாது என்றார்கள். சம்பா வயலில் நிற்கிறது, சொசைட்டியை நம்பியவர் கையைப் பிசைகிறார்! 2023 ஜனவரி 2-இல் உச்ச நீதிமன்றம் 4-1 என்ற பெரும்பான்மையில் அதைச் செல்லும் என்றது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றிச் செய்திருக்க வேண்டும் என்று மாறுபட்டவர் நீதிபதி நாகரத்னா ஒருவரே.

ஐரோப்பிய ஆணையம் 2023 ஜூனில் வைத்த சட்ட வரைவில், டிஜிட்டல் யூரோவுக்குள் இத்தகைய நிபந்தனை எழுதக் கூடாது என்றே எழுதியிருக்கிறார்கள். நம் நாடாளுமன்றத்தால் முடியாதா?

நாகப்பட்டினம் எம்.பி.யிடம் மனு கொடுங்கள். ஜமாஅத் தனியாக வேண்டாம், சொசைட்டி உறுப்பினர்களையும் விவசாயத் தொழிலாளர்களையும் சேர்த்துக்கொண்டு போங்கள். டிஜிட்டல் ரூபாய்க்குத் தனிச்சட்டம் வேண்டும். கூலியிலும் உதவித்தொகையிலும் பூட்டு கூடாது. நீதிமன்ற உத்தரவின்றி முடக்கக் கூடாது. காகித நோட்டை எந்த அலுவலகமும் மறுக்கக் கூடாது.