பெரும்பான்மை சர்க்யூட்: சரியாக எண்ணினால் மட்டும் போதுமா?

மெமரி சிப்புக்குள்ளே ஓட்டு எண்ணிக்கை நடக்கிறது என்று சொன்னால் சிரிப்பு வரலாம். ஆனால் நிஜமாகவே நடக்கிறது. எட்டு பிட் கொண்ட பைட் ஒன்று சிப்பை விட்டு வெளியே கிளம்பும் முன், அதில் பூஜ்யம் அதிகமா, ஒன்று அதிகமா என்று ஒரு குட்டி சர்க்யூட் பார்த்துச் சொல்கிறது.

எதற்கு இந்த வேலை? 2012-ல் வெளியான டிடிஆர்4 தரத்தில், டேட்டா லைன்கள் ரெசிஸ்டர் வழியாக 1.2 வோல்ட் சப்ளையோடு இணைந்திருக்கும். லைனில் ஒன்று போனால் கரண்ட் ஓடாது. பூஜ்யம் போனால் ஓடும். ஆக, ஐந்து அல்லது அதற்கு மேல் பூஜ்யம் இருந்தால் மொத்த பைட்டையும் புரட்டி அனுப்பிவிட்டு, "புரட்டியாச்சு" என்று ஒன்பதாவது லைனில் தகவல் சொல்லிவிடலாம். எதிர்முனை அதைப் பார்த்துத் திரும்பப் புரட்டிக்கொள்ளும். டேட்டா பஸ் இன்வெர்ஷன் என்று இதற்குப் பெயர். (ஸ்டான், பர்ல்சன் என்ற இருவர் 1995-ல் எழுதிய கட்டுரையில் இதே யோசனை இருக்கிறது. அவர்கள் எண்ணியது பூஜ்யங்களை அல்ல, முந்தைய பைட்டிலிருந்து மாறும் லைன்களை.)

ஆடர்களை அடுக்கி டிஜிட்டலாக எண்ணினால் விடை சரியாக வரும், ஆனால் நேரம் பிடிக்கும், இடமும் பிடிக்கும். அதனால் தராசு மாதிரி ஒரு அனலாக் குறுக்குவழி உண்டு. பூஜ்யங்கள் ஒரு தட்டில் ஆளுக்கு ஒரு பங்கு கரண்ட் இழுக்கும், ஒன்றுகள் மறு தட்டில் இழுக்கும். எந்தப் பக்கம் அதிகம் என்று நடுவில் இருக்கும் லாட்ச் தீர்மானிக்கும். நாலுக்கு நாலு வந்தால் தராசு நடுவில் நின்றுவிடுமே என்று, ஒன்றுகளின் பக்கம் ஒரு டம்மி டிரான்சிஸ்டரைச் சேர்ப்பார்கள். அப்போது நாலு பூஜ்யம் என்றால் 4-க்கு 5, ஐந்து பூஜ்யம் என்றால் 5-க்கு 4.

மொத்தம் ஒன்பது பங்கில் வித்தியாசம் ஒரே ஒரு பங்கு. டிரான்சிஸ்டர்கள் ஒன்றுக்கொன்று அச்சு அசலாக இருக்காது என்பதால் இங்கேதான் தவறு நுழைகிறது. உடனே எல்லோரும் சொல்லும் மருந்து, டிரான்சிஸ்டரைப் பெரிதாக்கு என்பது. பெல்க்ரோம் குழு 1989-ல் சொன்ன விதிப்படி இந்தப் பொருத்தமின்மையைப் பாதியாக்க நாலு மடங்கு பரப்பு வேண்டும். பரப்பு கூடினால் கெப்பாசிடன்ஸ் கூடும், வேகம் குறையும். எந்த வேகத்துக்காக அனலாக் பக்கம் வந்தார்களோ அதுவே போகிறது!

இத்தனை பாடுபட்டுத் திருத்தும் அந்தத் தவறு எவ்வளவு பெரியது? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 256 பைட்களும் சம வாய்ப்போடு வருவதாக வைத்துக்கொண்டால், புரட்டாமல் அனுப்பும்போது சராசரி 4 பூஜ்யம். சரியாகப் புரட்டினால் ஒன்பதாவது லைனையும் சேர்த்துச் சராசரி 3.27, அதாவது 18 சதவீத லாபம். இப்போது சர்க்யூட் 4, 5 என்ற எல்லையில் ஒவ்வொரு முறையும் தப்பாகவே சொல்கிறது என்று வையுங்கள். அப்போதும் சராசரி 3.76 தான்! நஷ்டம் ஒவ்வொரு தப்புக்கும் ஒரு லைன் கரண்ட். நாலு லைனுக்கு மேல் ஒரே நேரத்தில் இழுக்காது என்ற உத்தரவாதம் ஐந்தாகிறது, அதனால் சப்ளையில் சத்தம் கொஞ்சம் கூடும். டேட்டா கெடுவதில்லை, ஏனென்றால் புரட்டினதும் புரட்டாததும் ஒன்பதாவது லைனில் உள்ளபடியே போகிறது.

டேட்டாவையே கெடுக்கக்கூடிய தவறு வேறு ஒன்று. 4-க்கு 5 போட்டியில் லாட்ச் குறித்த நேரத்துக்குள் எந்தப் பக்கமும் சாயாமல் இழுத்தடித்தால்? அதன் அவுட்புட் எட்டு எக்ஸார் கேட்டுக்கும் ஒன்பதாவது லைனுக்கும் போகிறது. அரைகுறை வோல்டேஜை ஒரு கேட் ஒன்று என்றும் இன்னொன்று பூஜ்யம் என்றும் எடுத்துக்கொண்டால் பாதி பைட் புரளும், பாதி புரளாது. எதிர்முனைக்கு அதைச் சரிசெய்ய வழியே இல்லை. தப்பான தீர்ப்பால் போவது கொஞ்சம் கரண்ட், தாமதமான தீர்ப்பால் போவது டேட்டா.

ஆகவே இந்த சர்க்யூட்டில் "துல்லியம்" என்று எதைச் சொல்கிறோம் என்பதையே மாற்றிக்கொள்ள வேண்டும். டிரான்சிஸ்டரைப் பெருக்கச் செய்யும் செலவில் ஒரு பகுதியை லாட்ச்சின் கெயினுக்கும், பின்னால் இன்னொரு லாட்ச் வைத்துச் சற்று அவகாசம் கொடுப்பதற்கும் ஒதுக்கலாம். அவகாசம் கூடக் கூட, முடிவெடுக்காமல் நிற்கும் வாய்ப்பு அடுக்குக்குறி வேகத்தில் குறையும்.

எல்லாப் பெரும்பான்மை சர்க்யூட்டுக்கும் இந்தச் சலுகை கிடையாது. சாட்டர்ன் 5 ராக்கெட்டின் கம்ப்யூட்டரில் லாஜிக் பகுதியை ஏழு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மூன்று பிரதியாக வைத்து, ஓட்டெடுத்து முடிவு செய்தார்கள். அங்கே ஓட்டு எண்ணுகிறவர் தப்பாக எண்ணினால் அந்தத் தப்பு அடுத்த துண்டுக்குப் போய்விடும், புரட்டினதைச் சொல்ல ஒன்பதாவது லைன் எதுவும் கிடையாது.