சத்தமில்லாத படமும் சண்டையிட்ட வகுப்பும்

சென்ற ஆண்டுகளில் என் வகுப்பில் நடந்த ஒரு சண்டையைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும். சண்டை சினிமாவைப் பற்றியது. ஆனால் அது முடிந்த இடம் இயற்பியல் ஆய்வுக்கூடம்.

நான் பாடம் நடத்தும் கல்லூரி ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட சாலையில் இருக்கிறது. ஒருபுறம் கண்டெய்னர் லாரிகள், மறுபுறம் ஷிப்டு மாறும் நேரத்தில் வரிசை கட்டி நிற்கும் கம்பெனிப் பேருந்துகள். ஜன்னலை மூடினால்தான் நான் பேசுவது பின்வரிசைக்குக் கேட்கும். மூடினால் வெக்கை தாங்காது. இப்படிப்பட்ட இடத்தில் ஒலியியல் நடத்துவதில் ஒரு வசதியும் உண்டு: உதாரணத்துக்குப் பஞ்சமே இல்லை.

அன்று டெசிபல் அளவுகோலை விளக்கிவிட்டு, "நீங்கள் அண்மையில் பார்த்ததில் மிக அமைதியான படம் எது?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23 அன்று வெளியான ‘கொட்டுக்காளி’யின் பெயரை முதல் வரிசை மாணவி ஒருத்தி சொன்னாள். பி.எஸ். வினோத்ராஜ் இயக்கிய இந்தப் படத்தில் பாட்டு இல்லை. பின்னணி இசையும் அறவே இல்லை. ஒரு குடும்பம் ஷேர் ஆட்டோவிலும் மோட்டார் சைக்கிள்களிலுமாக ஒரு பெண்ணைச் சாமியாரிடம் அழைத்துப் போகிறது. நாம் கேட்பது வண்டிச் சத்தம், காற்று, பலிக்காகக் கட்டிக் கொண்டுபோகும் சேவல், தொண்டை கட்டிய சூரியின் கரகரத்த குரல், இவ்வளவுதான். அன்னா பென் நடித்த அந்தப் பெண் பாத்திரம் படம் முழுவதும் ஏறக்குறைய வாயே திறப்பதில்லை.

"என் காதுக்கு யாரோ விடுமுறை கொடுத்ததுபோல் இருந்தது, சார்" என்றாள் அவள். கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "அது படமே இல்லை சார். அரைமணியில் தூங்கிவிட்டேன். ஒன்றுமே இல்லை." உடனே நாலைந்து பேர் அவனை ரசனை கெட்டவன் என்றார்கள். அவன் பக்கமும் ஆள் சேர்ந்தது. மணி அடித்தும் சண்டை ஓயவில்லை.

நானும் அந்தப் படத்தைக் காஞ்சிபுரத்தில் ஒரு கொட்டகையில் பார்த்தேன். மறைக்காமல் சொல்கிறேன்: முதல் கால் மணி நேரம் எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்திலிருந்த என் மனைவி, "ஏங்க, ஸ்பீக்கர் ரிப்பேரா?" என்று காதோடு கேட்டார். அவருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் விழித்தேன். பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் காது படத்துக்குள் போயிற்று.

இப்படிக் கேட்பவர்கள் இரண்டாகப் பிரிவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. வீணை எஸ். பாலசந்தர் 1954-இல் ‘அந்த நாள்’ படத்தைப் பாடல்களே இல்லாமல் எடுத்தார். பாட்டுக்காகவே படம் பார்த்த காலம் அது! இயக்கியவரோ சங்கீத வித்வான்; கதாநாயகன் சிவாஜி கணேசன் ஏற்றதோ ரேடியோ எஞ்சினீயர் வேடம். பாலு மகேந்திராவின் ‘வீடு’ 1988-இல் வந்தபோது அதற்கென்று தனியாக இசை அமைக்கப்படவில்லை. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தட்டிலிருந்து சில பகுதிகளை எடுத்து அளவாகப் பயன்படுத்தினார்கள். வெளிநாட்டிலும் இதே கதைதான். ஸ்டீவ் ரைக் என்ற அமெரிக்கர் ‘நான்கு ஆர்கன்கள்’ என்றொரு இசையை அமைத்தார். ஒரே ஒரு சுரக்கூட்டு. அது சிறிது சிறிதாக நீண்டுகொண்டே போகும். கூடவே கிலுகிலுப்பை போன்ற மராக்காஸ் ஒரே சீராக ஒலிக்கும். வேறு எதுவும் நடக்காது. 1973-இல் நியூயார்க்கின் கார்னகி மண்டபத்தில் அதை வாசித்தபோது பலர் நிறுத்தச் சொல்லிக் கூச்சலிட்டார்கள். சிலர் அது சீக்கிரம் முடியட்டும் என்று கை தட்டினார்கள். என் வகுப்பு எவ்வளவோ தேவலை.

இந்த வகை இசையை மேல்நாட்டில் மினிமலிசம் என்பார்கள். நாம் சிக்கன இசை என்று வைத்துக்கொள்வோம். குறைந்த சுரங்கள், திரும்பத் திரும்ப வரும் கோலம், மெதுவான மாற்றம். இதன் முன்னோடிகளில் ஒருவரான ஃபிலிப் கிளாஸ், 1960-களின் நடுவில் பாரிஸ் நகரில் ஒரு படத்துக்காகப் பண்டிட் ரவிசங்கரின் இசையை மேல்நாட்டுக் கலைஞர்களுக்கு எழுதிக்கொடுக்கும் வேலையை ஏற்றார். தாளத்தைத் தம் பழக்கப்படி கோடு போட்டுக் கட்டங்களாகப் பிரித்தார். அழுத்தம் தவறான இடத்தில் விழுந்தது. உடனிருந்த தபலா மேதை அல்லா ரக்கா ஏற்கவே இல்லை. கோடுகளை அழித்த பிறகுதான் சரியாயிற்று. அந்த அனுபவம் அவருடைய பாணியை மாற்றியது. பின்னாளில் வசனமே இல்லாத ‘கொயானிஸ்காட்சி’ (1982) படத்துக்கு அவர் அமைத்த இசை உலகப் புகழ் பெற்றது. ஆகவே இது நமக்கு அந்நியச் சரக்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னும் பழைய சான்று ஒன்று நம் கச்சேரி மேடையிலேயே இருக்கிறது. தம்பூராவைத்தான் சொல்கிறேன். நான்கே நாண்கள். ஒன்று பஞ்சமம், மற்றவை ஷட்ஜம். கச்சேரி தொடங்கி முடியும்வரை அதே நான்கு மீட்டல்கள். ‘ஒன்றுமே நடக்காத’ இசைக்கு இதைவிட உதாரணம் வேண்டுமா? ஆனால் நன்றாகச் சுருதி சேர்ந்த தம்பூராவின் அருகில் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து பாருங்கள். யாரும் மீட்டாத ஒரு சுரம் மெல்ல எழும்: அந்தர காந்தாரம். காந்தாரத்துக்கென்று அங்கே நாணே கிடையாது! கீழ் ஷட்ஜ நாணின் அதிர்வெண்ணைப் போல் ஐந்து மடங்கு அதிர்வெண் கொண்ட மேற்சுரம் அது.

இதில் ஒரு புதிர் உண்டு. நாணை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ அந்தப் புள்ளியைக் கணுவாகக் கொண்ட மேற்சுரங்கள் எழக்கூடாது என்பது தாமஸ் யங் சொன்ன விதி. தம்பூராவில் அவையும் பலமாகவே எழுகின்றன. சர் சி.வி. ராமன் 1921-இல் இதை ஆராய்ந்து எழுதினார். தம்பூராவின் குதிரை கூர்மையாக இல்லாமல் அகலமாக, வளைந்த பரப்பாக இருக்கிறது. அதன்மேல் நாணுக்கு அடியில் ஜீவா என்ற நூலிழையைச் செருகுகிறார்கள். அதிரும் நாண் அந்தப் பரப்பை உரசி உரசி எழுவதால் மேற்சுரங்கள் செழிக்கின்றன. நோபல் பரிசு பெறுவதற்கு 9 ஆண்டுகளுக்கு முன்பு, ‘ஒன்றுமே நடக்காத’ ஒரு கருவியை அவர் இவ்வளவு கூர்ந்து கேட்டிருக்கிறார்.

சரி, காந்தாரம் எல்லோருக்கும் கேட்குமா? சந்தைக்கடையில் தம்பூராவை மீட்டினால் கேட்காது. அங்கே உரத்த ஒலிகள் மெல்லிய ஒலிகளை மூடிவிடுகின்றன. ஒலியியலில் இதற்கு மறைத்தல் என்று பெயர். உங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் பகல் 2 மணிக்குக் கேட்கிறதா? இரவு 2 மணிக்கு விழித்துக்கொண்டால் அதே கடிகாரம் சுத்தியால் அடிப்பதுபோல் இருக்கும். கடிகாரம் மாறவில்லை. சுற்றிலுமிருந்த இரைச்சல்தான் வடிந்துவிட்டது.

நான் சொல்ல வந்தது இதுதான். அமைதியான படம் ஒன்று, அதைப் பார்க்கிற ஒவ்வோர் இடத்திலும் வெவ்வேறு படமாகிவிடுகிறது. குளிர்சாதனம் உறுமும் கொட்டகையில் ஒரு படம். கம்பெனிப் பேருந்தில் கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் இன்னொரு படம். உரத்த பின்னணி இசைக்கு இந்தத் தொல்லை இல்லை. அது எந்த இரைச்சலையும் ஏறி மிதித்துக்கொண்டு வரும். காற்றும் காலடியும் பேசும் படத்தில் அவை கேட்காவிட்டால் மிஞ்சுவது வெறும் திரைதான். "ஒன்றுமே இல்லை" என்று ஒருவர் சொன்னால், அவர் காதுக்கு உண்மையிலேயே ஒன்றும் வந்து சேரவில்லையோ என்று முதலில் விசாரிக்க வேண்டும். ரசனையைப் பற்றிய தீர்ப்பு அதற்குப் பிறகு.

விசாரித்தேன். அந்தக் கடைசி வரிசைப் பையன் வாரத்தில் ஐந்து இரவுகள் ஒரு பட்டறையில் வேலை செய்கிறான். பெயர் வேண்டாம். தகடுகளை அழுத்தி வளைக்கும் பிரஸ் எந்திரங்கள் அங்கே ஓயாமல் அடிக்கின்றன. காலையில் நேராகக் கல்லூரிக்கு வருவான். அந்தப் படத்தையும் ஓர் இரவு ஷிப்டு முடிந்த பிறகு, பகல் காட்சியாகத்தான் பார்த்திருக்கிறான்.

அமைதியான அறையில் சுமார் 30 டெசிபல். இத்தகைய பட்டறையில் 90-ஐத் தாண்டும். வித்தியாசம் 60 டெசிபல் என்றால் ஒலிச்செறிவு இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ கூடிவிட்டதென்று நினைக்காதீர்கள். பத்து இலட்சம் மடங்கு! நம் தொழிற்சாலை விதிகள் 90 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் இருக்கலாம் என்கின்றன. ஒவ்வொரு 5 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 95-இல் 4 மணி, 100-இல் 2 மணி. இரைச்சலில் பல மணி நேரம் இருந்த காதில் கேட்கும் வாசல் உயர்ந்துவிடும். அதாவது மெல்லிய ஒலிகள் சில மணி நேரத்துக்குக் கேட்காமல் போகும். ஓய்வு கொடுத்தால் திரும்பிவிடும். தினமும் இப்படியே நடந்தால் உட்காதிலுள்ள நுண்ணிய மயிரிழைச் செல்கள் மடிகின்றன. மனிதக் காதில் அவை மறுபடி முளைப்பதில்லை. பெரும்பாலும் முதலில் பழுதாவது 4000 ஹெர்ட்ஸ் அருகிலுள்ள பகுதி.

ஆய்வுக்கூடத்தில் ஆடியோ ஆஸிலேட்டர் இருந்தது. ஹெட்போன் மாட்டி, 4000 ஹெர்ட்ஸில் மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தி, கேட்டதும் கையைத் தூக்கச் சொன்னேன். வெள்ளிக்கிழமை காலை, மற்ற மாணவர்களுக்குத் தேவைப்பட்டதைப் போல் நான்கு மடங்கு மின்னழுத்தம் வைத்த பிறகுதான் அவன் கையைத் தூக்கினான். கணக்கில் 12 டெசிபல். இரண்டு நாள் ஓய்வுக்குப் பின் திங்கட்கிழமை அது இரண்டு மடங்காக இறங்கியது. அதாவது 6 டெசிபல். இது மருத்துவச் சோதனை ஆகாது. எங்கள் ஹெட்போனின் தரமும் சந்தேகத்துக்குரியதே. இருந்தாலும் அந்த மிச்சமிருந்த 6 டெசிபல் எனக்குப் பிடிக்கவில்லை. காது டாக்டரிடம் போய் முறையான செவித்திறன் சோதனை செய்துகொள்ளச் சொன்னேன். "பட்டறையில் காதடைப்பான் தரவில்லையா?" என்று கேட்டேன். பையிலிருந்து எடுத்துக் காட்டினான். உறைகூடப் பிரிக்கவில்லை. "போட்டால் மேஸ்திரி கூப்பிடுவது கேட்காது சார், திட்டுவார்."

அவனை ரசனை கெட்டவன் என்ற மாணவர்கள் அப்போது அங்கேதான் நின்றிருந்தார்கள். யாரும் ஒன்றும் பேசவில்லை.

இங்கே என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். சிக்கன இசையை ரசிப்பவர்கள் சிலரிடம் ஒரு மேட்டிமை இருக்கிறது. பிடிக்காதவர்களைப் பாமரர் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது தவறு. அதே சமயம், கண்ணீருக்கு ஒரு வயலின், அடிக்கு ஒரு முழக்கம், நடந்து வந்தால் ஒரு முழக்கம், நின்றால் ஒரு முழக்கம் என்று இரண்டரை மணி நேரம் ஓயாமல் ஒலிக்கும் பின்னணி இசைக்கும் நான் வக்காலத்து வாங்கமாட்டேன். ஓயாத ஒலி எதுவானாலும் மூளை அதைக் கவனிப்பதை விட்டுவிடும். மின்விசிறியின் சத்தம் நமக்குக் கேட்பது அது நிற்கும்போதுதானே? முழக்கம் உறைக்க வேண்டுமென்றால் அதற்கு முன்பு கொஞ்சம் அமைதி இருந்தாக வேண்டும். இதை இசையமைப்பாளர்கள் அறியாதவர்கள் அல்லர். கொட்டகையில் கூட்டம் கலைந்துவிடுமோ என்ற அச்சம்தான், முக்கியமாகப் படம் எடுப்பவர்களுக்கு.

ஒரு மாதம் கழிந்தது. அந்தப் பையன் ஆசிரியர் அறைக்கு வந்தான். பட்டறையில் இப்போது காதடைப்பான் போடுகிறானாம். கையை ஆட்டிக் கூப்பிடும்படி மேஸ்திரியிடம் சொல்லி வைத்திருக்கிறான். டாக்டர் ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். பிறகு, "அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன் சார். விடுமுறையில், ஊரில், ராத்திரி, ஹெட்போன் போட்டுக்கொண்டு" என்றான்.

எனக்கு ஒரே மகிழ்ச்சி. "கேட்டதா?"

"எல்லாம் கேட்டது சார். சேவல் சிறகடிப்பதுகூடக் கேட்டது."

"பிடித்ததா?"

"இல்லை சார்" என்றான் பளிச்சென்று. "வண்டிச் சத்தத்தைத்தான் நான் தினமும் கேட்கிறேனே. அதைக் காசு கொடுத்து வேறு கேட்க வேண்டுமா?"

இந்தக் கேள்வியை அடுத்த நாள் வகுப்பில் எல்லோர் முன்னும் வைத்தேன். முதல் வரிசை மாணவி கையைத் தூக்கினாள். மறுபடியும் சண்டை தொடங்கிற்று.